வி.யு.2.ஆர்.ஜி.: டிகிரி முடிக்காத ஒரு ரேடியோக்காரர்

பூந்தமல்லி பக்கத்துல இருந்து காலேஜ் பஸ்ல வர்றவங்களுக்கு அந்த இடம் தெரிஞ்சிருக்கும். பெங்களூரு ஹைவேயை ஒட்டி, ஸ்ரீபெரும்புதூர்ல ஏழு தூண்களோட ஒரு நினைவிடம். 2003-ல அப்துல் கலாம் ஜனாதிபதியா இருந்தப்போ திறந்து வச்சது. நாலு வருஷமா அதைத் தாண்டித்தான் நானும் வர்றேன். பாதி நாள் தூக்கம், மீதி நாள் இயர்போன். ராஜீவ் காந்தி, பிரதமரா இருந்தவர், 1991-ல குண்டு வெடிப்பு. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். உங்கள்ல நிறைய பேருக்கும் அவ்வளவுதான்னு நினைக்கிறேன்.

இந்த வருஷம் என் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் என்னை அந்தத் தூண்கள் பக்கம் திரும்பிப் பார்க்க வச்சது. ப்ராஜெக்ட் ஒரு ஹாம் ரேடியோ ரிப்பீட்டர் கண்ட்ரோலர். அதை இருந்த இடத்துல இருந்தே கம்ப்யூட்டர், மோடம் வழியா ப்ரோக்ராம் பண்ணணும். அதுக்காகப் படிச்சிட்டு இருந்தப்போ, இந்திய ஹாம்களைப் பத்தின ஒரு பக்கத்துல ஒரு கால் சைன் கண்ணுல பட்டது: வி.யு.2.ஆர்.ஜி. அது ராஜீவ் காந்தியோடது.

முதல்ல ரிப்பீட்டர்னா என்னன்னு சொல்லிடுறேன், பின்னாடி தேவைப்படும். உங்க கையில இருக்கிற சின்ன வயர்லெஸ் செட்டோட சிக்னல் கொஞ்ச தூரம்தான் போகும். நடுவுல கட்டடம், மலை வந்தா அதுவும் போச்சு. அதனால மலை உச்சியிலோ உயரமான டவர்லயோ ஒரு நிலையம் வைப்பாங்க. அது ஒரு அலைவரிசையில உங்க குரலைக் கேட்கும். அதே நொடியில இன்னொரு அலைவரிசையில பலமா திருப்பி அனுப்பும். 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரைக்குமான பட்டையில இந்த ரெண்டுக்கும் நடுவுல வழக்கமா 600 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி. அதோட மூளைதான் கண்ட்ரோலர். நிலையத்தோட கால் சைனை அப்பப்போ மோர்ஸ்ல சொல்றது, யாராவது மைக் பட்டனை விடாம அழுத்திட்டு இருந்தா சில நிமிஷத்துல துண்டிக்கிறது, இப்படி எல்லாமே அதோட வேலை.

ஒரு டைமர் மதிப்பை மாத்த ஒவ்வொரு தடவையும் மலை ஏற முடியுமா? அதனால 1980-களிலேயே வெளிநாட்டு ஹாம்கள் ரிப்பீட்டர் வரைக்கும் ஒரு டெலிபோன் லைன் இழுத்து, வீட்டுக் கம்ப்யூட்டர்ல இருந்து மோடம் மூலமா அமைப்புகளை மாத்தினாங்க. வேகம் விநாடிக்கு 300 பிட், 1200 பிட். நம்ம ஒரு வாட்ஸ்அப் போட்டோ அந்த வேகத்துல வரணும்னா காலையில ஆரம்பிச்சு கேன்டீன் போய்ட்டு வரலாம்.

நாங்க ப்ளாக் மொட்டைமாடியில போர்டை வச்சுட்டு, கீழே லேப்ல இருந்து கமாண்ட் அனுப்பினோம். நான் ஒரு அவசரத்துல, கமாண்ட் வாங்குற வழியையே மூடுற மாதிரி ஒரு மதிப்பை அனுப்பிட்டேன். போர்டும் சொன்ன பேச்சைக் கேட்டுச்சு. அதுக்கப்புறம் எங்க எதையும் அது கேட்கவே இல்லை. அஞ்சு மாடி ஏறிப்போய் கையால ரீசெட் பண்ணினேன். தூரத்துல இருந்து ஒண்ணை இயக்கணும்னா கட்டளை போனா மட்டும் பத்தாது. அங்கே என்ன போய்ச் சேர்ந்ததுன்னு திருப்பி வாசிச்சுச் சொல்லணும். அது சரியா இருந்தா மட்டும் சேமிக்கணும், இல்லேன்னா பழைய அமைப்புக்கே திரும்பணும். இதை மனசுல வச்சுக்கிட்டு இந்த மனிதரோட கதைக்கு வாங்க.

ரெண்டு காலேஜ், டிகிரி இல்லை

ராஜீவ் 1944 ஆகஸ்ட் 20-ஆம் தேதி பம்பாயில் பிறந்தார். தாத்தா நேரு, அம்மா இந்திரா, அப்பா ஃபெரோஸ் காந்தி. பள்ளிப் படிப்பு டேராடூனில் உள்ள டூன் ஸ்கூல். 1962-ல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் இன்ஜினியரிங் சேர்ந்தார், முடிக்கவில்லை. பிறகு லண்டன் இம்பீரியல் கல்லூரியில் மெக்கானிக்கல் சேர்ந்தார், அதையும் முடிக்கவில்லை. அரியர் வச்சிருக்கிறவங்க ரொம்ப சந்தோஷப்பட வேண்டாம், அவருக்குத் தாத்தா பிரதமர். ஆனா மெஷின்மேல இருந்த ஆசை மட்டும் அவருக்குப் போகவே இல்லை.

கேம்பிரிட்ஜில் சோனியாவைச் சந்தித்தார், 1968-ல் கல்யாணம். விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டு இந்தியன் ஏர்லைன்ஸில் பைலட் ஆனார். அம்மா பிரதமராக இருந்த காலத்திலும் மகன் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு உள்நாட்டு விமானங்களை ஓட்டிக்கொண்டிருந்தார். மிச்ச நேரத்தில் போட்டோகிராபி, அப்புறம் ஹாம் ரேடியோ. சோனியாவுக்கும் ஒரு கால் சைன் உண்டு: வி.யு.2.எஸ்.ஓ.என்.

பைலட், ஹாம் இந்த ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு பழக்கம் இருக்கு, கவனிச்சிருக்கீங்களா? கண்ட்ரோல் டவர் ஒரு உயரத்தைச் சொன்னா பைலட் அதை அப்படியே திருப்பிச் சொல்லணும். ஹாமுக்குச் சொல்லித் தர்ற முதல் ஒழுக்கம், பட்டனை அழுத்துறதுக்கு முன்னாடி அலைவரிசையில யாராவது பேசிட்டு இருக்காங்களான்னு கேட்கிறது. வாழ்க்கையில பத்து வருஷத்துக்கு மேல அவருக்கு இதுதான் வேலை.

வராத இடத்துக்கு வந்தவர்

அரசியல் தம்பி சஞ்சயுடையது. 1980 ஜூன் 23-ஆம் தேதி டெல்லியில் சஞ்சய் ஓட்டிய சின்ன விமானம் விழுந்து அவர் இறந்துபோனார். அடுத்த வருஷம் ராஜீவ் பைலட் வேலையை விட்டுவிட்டு அமேதி இடைத்தேர்தலில் நின்று எம்.பி. ஆனார். 1984 அக்டோபர் 31-ஆம் தேதி காலையில் இந்திரா காந்தி சுட்டுக் கொல்லப்பட்டார். அன்று மாலையே ராஜீவ் பிரதமர். வயது 40.

அந்தத் தொடக்கம் ரத்தத்தோடதான் இருந்தது. அடுத்த சில நாளில் டெல்லியில் மட்டும் 2,700-க்கும் மேற்பட்ட சீக்கியர்கள் கொல்லப்பட்டார்கள். அரசு தடுக்கவில்லை என்ற குற்றச்சாட்டு இன்று வரைக்கும் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டே இருக்கிறது. டிசம்பர் தேர்தலில் 400-க்கும் மேற்பட்ட இடங்களில் காங்கிரஸ் ஜெயித்ததும் உண்மை. ரெண்டையும் சேர்த்துத்தான் படிக்கணும்.

நம்ம துறைக்கு அவர் செஞ்சது

1984-ல் வயர்லெஸ் கருவிகளுக்கான இறக்குமதி வரியை ஹாம்களுக்காக அவர் நீக்கினார். கேட்க சின்ன விஷயம் மாதிரி இருக்கும். ஆனா சுதந்திரத்துக்கு அப்புறம் முப்பது வருஷத்துக்கும் மேலா நம்ம நாட்டில் ஹாம் எண்ணிக்கை மெதுவாத்தான் ஏறிக்கொண்டிருந்தது. வெளிநாட்டு செட் விலையும் அதுக்கு மேல வரியும் சேர்ந்தால் சாதாரண சம்பளக்காரர் வாங்கவே முடியாது. வரி போன பிறகுதான் எண்ணிக்கை வேகம் எடுத்தது. அந்தக் கஷ்டம் தெரிந்த ஒரு ஹாம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தது நம்ம அதிர்ஷ்டம்.

அடுத்தது டெலிபோன். அப்போ வீட்டுக்கு ஒரு கனெக்‌ஷன் வாங்கப் பல வருஷம் காத்திருக்கணும், தாத்தா பாட்டியைக் கேட்டுப் பாருங்க. 1984 ஆகஸ்டில் தொடங்கிய சி-டாட் நிறுவனத்துக்குப் பின்னால் ராஜீவும், சிகாகோவில் இருந்து வந்த சாம் பிட்ரோடாவும் நின்றார்கள். கொடுத்த கெடு 36 மாதம், பணம் 36 கோடி. அவர்கள் செய்த 128 லைன் கிராமப்புற எக்ஸ்சேஞ்ச் ஏ.சி. இல்லாமல், நம்ம ஊர் வெயிலிலும் தூசியிலும் ஓடும். 1986-ல் கர்நாடகத்தின் கித்தூரில் அதை முதலில் ஓட்டிப் பார்த்தார்கள். அப்புறம் ஊர் ஊருக்கு வந்த மஞ்சள் எஸ்.டி.டி. பூத்கள் உங்க அப்பா அம்மா பேசாத பூத்களா?

1986-ல்தான் டெல்லியில் ரயில் டிக்கெட் முன்பதிவு கம்ப்யூட்டருக்கு மாறத் தொடங்கியது. அதே வருஷம் எர்நெட் திட்டமும் தொடங்கியது. ஐந்து ஐ.ஐ.டி.கள், பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், பம்பாய் என்.சி.எஸ்.டி. ஆகியவற்றை மோடமும் டெலிபோன் லைனும் கொண்டு இணைக்கும் வேலை. நம்ம ஐ.ஐ.டி. மெட்ராஸும் அதில் உண்டு. கம்ப்யூட்டர் வந்தா வேலை போயிடும்னு தொழிற்சங்கங்கள் கடுமையா எதிர்த்த காலம் அது. இன்னைக்கு நாம கேம்பஸ் இன்டர்வியூவுக்கு டை கட்டிட்டு நிக்கிறதுக்குப் பின்னால அந்த வருஷங்களும் இருக்கு.

இன்னொண்ணும் சொல்லணும். ஓட்டுப் போடும் வயதை 21-ல் இருந்து 18-ஆகக் குறைத்ததும் அவர் ஆட்சியில்தான், 1989-ல் அமலுக்கு வந்தது. எனக்கு இப்போ 21. பழைய சட்டம் இருந்திருந்தா இந்த வருஷம்தான் என் பெயர் பட்டியலில் வந்திருக்கும்.

திருப்பி வாசிக்காத கட்டளை

தமிழ்ல எழுதிட்டு இதைத் தாண்டிப் போனா அது நேர்மை இல்லை. 1987 ஜூலை 29-ஆம் தேதி கொழும்பில் ராஜீவும் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தம் போட்டார்கள். கையெழுத்திட்டது ரெண்டு அரசுகள். யாருடைய வாழ்க்கையைப் பற்றிய ஒப்பந்தமோ, அந்தத் தமிழர் தரப்பின் கையெழுத்து அதில் இல்லை. அமைதி காக்கப் போன இந்தியப் படை அக்டோபரிலேயே யாழ்ப்பாணத்தில் புலிகளோடு போரில் இறங்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் இறந்தார்கள். யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள்ளேயே நோயாளிகளும் டாக்டர்களும் கொல்லப்பட்டார்கள். கடைசி வீரர் திரும்பியது 1990 மார்ச்சில்.

இது என் கருத்து, நீங்க மறுக்கலாம். எக்ஸ்சேஞ்ச், டிக்கெட், ரேடியோ இதில் எல்லாம் அவருக்குப் பதில் வந்துகொண்டே இருந்தது. லைன் வேலை செய்யுதா இல்லையான்னு அன்னைக்கே தெரிஞ்சிடும். இலங்கை விஷயத்தில் டெல்லியில் இருந்து கட்டளை போனது. அங்கே அது என்னவாகப் போய்ச் சேர்ந்தது என்பதைக் கேட்கும் காது போதவில்லை. விமானத்தில் ஒவ்வொரு எண்ணையும் திருப்பிச் சொல்லிப் பழகிய மனிதர் அவர். அதுதான் எனக்கு ரொம்ப உறுத்துது.

போஃபர்ஸ் பீரங்கி ஊழல் புகாரும் சேர்ந்துகொள்ள, 1989 தேர்தலில் ஆட்சி போனது.

அந்த ராத்திரி

1991 தேர்தலில் அவர் மக்கள் நடுவில் நேராக இறங்கினார், பாதுகாப்பும் முன்பு போல இல்லை. மே 21-ஆம் தேதி விசாகப்பட்டினத்தில் பிரசாரம் முடிந்தது. அடுத்து மெட்ராஸ். அங்கே அவருடைய சின்ன விமானத்தின் தகவல் தொடர்புக் கருவி பழுதானது. பயணமே ரத்தாகி, தங்கும் விடுதிக்குத் திரும்ப இருந்தார். அதற்குள் பழுது சரியாகிவிட்டதாகச் செய்தி வந்தது. கிளம்பிவிட்டார். ஒரு ரேடியோ சரியானதுக்காக நான் வருத்தப்பட்டது இந்த ஒரு தடவைதான்.

மீனம்பாக்கத்தில் இறங்கி, போரூர், பூந்தமல்லி வழியாக, நம்ம பஸ் வர்ற அதே ரோட்டில் வந்தார். ஸ்ரீபெரும்புதூர் கூட்டத்துக்கு வந்து சேர்ந்தபோது மணி பத்து. மாலையோடு நெருங்கி வந்த ஒரு பெண், உடம்பில் கட்டியிருந்த குண்டை வெடிக்க வைத்தாள். ராஜீவுக்கு வயது 46. அவரோடு குறைந்தது 14 பேர் இறந்தார்கள். பந்தோபஸ்துக்கு நின்ற போலீஸ்காரர்களும், பார்க்க வந்த சாதாரண ஜனங்களும் அதில் உண்டு. எந்தக் கோபமும் அந்தச் சாவுகளை நியாயமாக்காது.

ஹாம்கள் இறந்துபோன ஒரு ஹாமை சைலன்ட் கீ என்று சொல்வார்கள். மோர்ஸ் சாவி ஓய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

அவர் விழுந்த ஊர் அதுக்கப்புறம் என்ன ஆச்சு பாருங்க. 2006-ல் நோக்கியா இதே ஸ்ரீபெரும்புதூரில் போன் செய்ய ஆரம்பித்தது, 2014-ல் மூடினார்கள். இன்னைக்கு இதே வட்டாரத்தில் ஐபோன் அசெம்பிள் ஆகுது. பக்கத்திலேயே ஒரகடத்தில் கார், லாரி, பைக். ஷிஃப்ட் முடிஞ்சு போற பொண்ணுங்க பஸ் ஜன்னல்ல சாய்ஞ்சு ஊருக்குப் போன் பேசிட்டே அந்தத் தூண்களைத் தாண்டிப் போறாங்க.

ஹாம் ரேடியோவும் ஓயலை. 2004 சுனாமியில் அந்தமான் தொடர்பு அறுந்தப்போ, போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத் குழுவோட ஹாம் செட்தான் வெளியுலகத்துக்குச் செய்தி சொன்னது. 2005 மே 5-ஆம் தேதி இஸ்ரோ ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து ஹாம்சாட் அனுப்பியது. வானத்துல பறக்கிற ரிப்பீட்டர்னே வச்சுக்கோங்க. அதுல இருந்த ரெண்டு டிரான்ஸ்பாண்டர்ல ஒண்ணைச் செஞ்சது நெதர்லாந்துல இன்ஜினியரிங் படிச்சிட்டு இருந்த ஒரு மாணவர்.

அதனால உங்ககிட்ட ஒரே வேண்டுகோள். லைசென்ஸ் பரீட்சை எழுத 12 வயசு போதும், மத்திய தொலைத்தொடர்புத் துறை நடத்துது. நம்ம ரெண்டாம் வருஷ சிலபஸ் தெரிஞ்சா பாதி படிச்ச மாதிரிதான். எழுதுங்க. எங்க போர்டு இப்போ ஒவ்வொரு கமாண்டையும் திருப்பி வாசிச்சுட்டுத்தான் சேமிக்குது. ரிவ்யூ முடிஞ்சதும் ஜூனியர்ஸுக்குக் கொடுத்துட்டுப் போறோம், லேப்ல வந்து பாருங்க. நாளைக்குக் காலையில பஸ் அந்தத் தூண்கள் பக்கம் வரும்போது, ஒரு நிமிஷம் இயர்போனைக் கழட்டிடுங்க.