மரியா மாண்ட்டிசோரி

மரியா மாண்ட்டிசோரி (ஆகஸ்ட் 31, 1870 - மே 6, 1952) இத்தாலியைச் சேர்ந்த மருத்துவரும் கல்வியாளரும் ஆவார். மாண்ட்டிசோரி முறை என அறியப்படும் கல்வி முறையை உருவாக்கியவர் இவரே. மழலையர் கல்வியில் இவர் ஆற்றிய பணி உலகெங்கும் அறியப்பட்டது. ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள தொடக்கப்பள்ளிச் சிறுவர்களை ஆண்டு வகுப்புகளாகப் பிரிக்காமல், பல வயதினரையும் ஒரே அறையில் சேர்ந்து கற்கச் செய்யும் ஒழுங்கை வகுத்ததும் இவரது முக்கியப் பங்களிப்பாகும். இவ்வொழுங்கின் பாடத்திட்டமும் கருவிகளும், இரண்டாம் உலகப் போரின்போது இவர் அன்றைய சென்னை மாகாணத்தில், குறிப்பாகக் கொடைக்கானலில், வாழ்ந்த ஆண்டுகளில் பெருமளவு விரிவடைந்தன.

பிறப்பும் கல்வியும்

மரியா மாண்ட்டிசோரி இத்தாலியில் உள்ள கியாரவல்லே என்னும் ஊரில் பிறந்தார். தந்தை அலெஸ்ஸாண்ட்ரோ அரசு அலுவலர். தாய் ரெனில்டே ஸ்டொப்பானி நூல்களில் மிகுந்த ஈடுபாடு கொண்டவர். 1875 ஆம் ஆண்டில் இக்குடும்பம் ரோம் நகரில் குடியேறியது. அக்காலத்தில் பெண்கள் அரிதாகவே சேர்ந்த தொழில்நுட்பப் பள்ளியில் மரியா பயின்றார். பின்னர் ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் கற்று 1896 ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். இத்தாலியில் மருத்துவப் பட்டம் பெற்ற முதல் சில பெண்களுள் இவரும் ஒருவர்.

மனவளர்ச்சி குன்றிய சிறுவர்களுக்கு மருத்துவத்தைவிடக் கல்வியே பெரிதும் உதவும் என்ற முடிவுக்கு இவர் வந்தார். இதற்காக இட்டார், செகுவன் ஆகிய பிரெஞ்சு மருத்துவர்களின் நூல்களை ஆழ்ந்து கற்றார். 1900 ஆம் ஆண்டில் இத்தகைய சிறுவர்களுக்கான ஆசிரியர்களைப் பயிற்றுவித்த நிறுவனம் ஒன்றின் இணை இயக்குநரானார். அங்கு உடன் பணியாற்றிய மருத்துவர் ஜுசெப்பே மொந்தேசானோவுக்கும் இவருக்கும் 1898 இல் மாரியோ என்ற மகன் பிறந்திருந்தான். இருவரும் மணம் செய்துகொள்ளவில்லை. குழந்தை நாட்டுப்புறக் குடும்பம் ஒன்றில் வளர்க்கப்பட்டது. தன் மகனை வெளிப்படையாக ஏற்க அக்காலச் சமூகம் இவருக்கு இடம் கொடுக்கவில்லை. தாய் ரெனில்டே 1912 இல் இறந்த பின்னரே மாரியோ இவருடன் வந்து வாழத் தொடங்கினார். அதன் பின்னும் பல ஆண்டுகள் உறவினர் என்றோ வளர்ப்பு மகன் என்றோதான் பிறருக்கு அறிமுகப்படுத்தப்பட்டார்.

குழந்தைகள் இல்லம்

ரோமின் சான் லொரென்சோ பகுதி ஏழைத் தொழிலாளர் வாழ்ந்த குடியிருப்பாகும். பெற்றோர் வேலைக்குச் சென்றபின் கவனிப்பாரின்றித் திரிந்த சிறுவர்களுக்காக, 1907 ஆம் ஆண்டு ஜனவரி 6 அன்று அங்கு குழந்தைகள் இல்லம் ஒன்று திறக்கப்பட்டது. ஏறத்தாழ ஐம்பது குழந்தைகள் அங்கு சேர்ந்தனர். இவர்கள் பெரும்பாலும் மூன்று முதல் ஆறு வயது வரை உள்ளவர்கள். இவர்கள் அனைவருக்கும் இருந்தது ஒரே அறை.

எனவே கலப்பு வயது வகுப்பு இவரிடம் ஒரு கோட்பாடாகத் தொடங்கவில்லை. கிடைத்த சூழ்நிலையே அதற்குக் காரணம். ஆயினும் சிறியவர்கள் பெரியவர்களைப் பார்த்துப் பழகுவதையும், பெரியவர்கள் தாம் கற்றதைச் சிறியவர்களுக்குக் காட்டும்போது அதனை மேலும் தெளிவாக உணர்வதையும் மாண்ட்டிசோரி கவனித்தார். மூன்று ஆண்டு வயது இடைவெளி உள்ள குழு என்பது பின்னர் இவரது முறையின் அடிப்படை விதிகளுள் ஒன்றாயிற்று. 1909 இல் வெளியான இவரது முதல் கல்வி நூல் விரைவில் பல மொழிகளில் மொழிபெயர்க்கப்பட்டது.

தொடக்கப்பள்ளிக்கு விரிவாக்கம்

குழந்தைகள் இல்லத்தில் பயின்றவர்கள் ஆறு வயதை எட்டியதும் வழக்கமான பள்ளியில் சேர வேண்டியிருந்தது. அங்கு அனைவரும் ஒரே பாடத்தை ஒரே நேரத்தில் அசையாது அமர்ந்து கற்றனர். இக்குறையைப் போக்கும் நோக்குடன் தொடக்கப்பள்ளி வயதினருக்கான முறையை மாண்ட்டிசோரி வகுக்கலானார். 1916 ஆம் ஆண்டில் வெளியான தன்கல்வி குறித்த நூலில் இலக்கணம், வாசிப்பு, எண்கணிதம், வடிவியல், ஓவியம், இசை ஆகியவற்றுக்கான கருவிகள் விளக்கப்பட்டன.

பின்னாளில் இவர் மனித வளர்ச்சியை ஆறு ஆண்டுகள் கொண்ட நான்கு பருவங்களாகப் பிரித்தார். இவற்றுள் ஆறு முதல் பன்னிரண்டு வரையுள்ள இரண்டாம் பருவம் தனித்தன்மை உடையது என்பது இவரது கருத்து. இப்பருவத்தினர் புலன்களால் தொட்டறிவதுடன் நிறைவடைவதில்லை. காரணங்களைக் கேட்கின்றனர், நீதி அநீதிகளைப் பற்றி வாதிடுகின்றனர், குழுவாகச் சேர்ந்து செயல்பட விரும்புகின்றனர். ஆகவே மழலையர் வகுப்பை அப்படியே பெரிதாக்கினால் போதாது. வேறொரு வகுப்பறை வேண்டும் என்று இவர் முடிவு செய்தார்.

பாசிச ஆட்சியுடன் முரண்பாடு

1924 ஆம் ஆண்டில் மாண்ட்டிசோரி முசோலினியைச் சந்தித்தார். அதன் பிறகு இத்தாலிய அரசு இவரது பள்ளிகளுக்கு ஆதரவளித்தது. அந்த ஆதரவை இவர் ஏற்றுக்கொண்டது பின்னர் விமரிசனத்துக்கு உள்ளானது. ஆனால் சிறுவர்களின் தற்சார்பை வளர்க்கும் முறையும், அவர்களை அணிவகுக்கச் செய்ய விரும்பிய அரசும் நீண்டகாலம் ஒத்துப்போக இயலவில்லை. 1933 இல் மாண்ட்டிசோரியும் மாரியோவும் இத்தாலிய மாண்ட்டிசோரி அமைப்பிலிருந்து விலகினர். 1934 இல் இத்தாலியில் இவரது பள்ளிகள் மூடப்பட்டன. ஜெர்மனியிலும் நாட்சி ஆட்சி இவரது பள்ளிகளை மூடியது. பார்செலோனாவில் வசித்துவந்த இவர், 1936 இல் ஸ்பானிய உள்நாட்டுப் போர் மூண்டதும் வெளியேறி நெதர்லாந்தில் குடியேறினார்.

சென்னையில்

பிரம்மஞான சபையின் தலைவராக இருந்த ஜார்ஜ் அருண்டேலின் அழைப்பை ஏற்று, 1939 ஆம் ஆண்டின் இறுதியில் மாண்ட்டிசோரி மாரியோவுடன் சென்னைக்கு வந்தார். அடையாற்றில் நடந்த முதல் பயிற்சி வகுப்பில் இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் ஏறத்தாழ முந்நூறு ஆசிரியர்கள் கலந்துகொண்டனர். மாண்ட்டிசோரி இத்தாலிய மொழியில் உரையாற்ற, மாரியோ அதனை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்.

சில மாதங்களுக்கு மட்டும் திட்டமிடப்பட்ட இப்பயணம் ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் நீண்டது. 1940 ஜூன் மாதத்தில் இத்தாலி போரில் இறங்கியதும், பிரித்தானிய இந்திய அரசு இவர்களை எதிரி நாட்டவராகக் கருதியது. மாரியோ அகமத்நகர் முகாமில் அடைக்கப்பட்டார். மாண்ட்டிசோரியின் நடமாட்டம் அடையாறு வளாகத்துக்குள் கட்டுப்படுத்தப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் 31 அன்று, மாண்ட்டிசோரியின் எழுபதாவது பிறந்தநாளை ஒட்டி, மாரியோ விடுவிக்கப்பட்டார். அதுபற்றிய அரசின் செய்தியில் மாரியோ இவரது மகன் என்றே குறிப்பிடப்பட்டதாக இவரது வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. கட்டுப்பாடுகள் நீடித்தபோதிலும் பயிற்சி வகுப்புகளை நடத்த இவர்களுக்கு அனுமதி கிடைத்தது.

கொடைக்கானல் ஆண்டுகள்

1942 முதல் 1944 வரை மாண்ட்டிசோரி கொடைக்கானலில் வாழ்ந்தார். அங்கு இவரைச் சுற்றிச் சிறு பள்ளி ஒன்று உருவானது. வெவ்வேறு நாட்டினரின் பிள்ளைகள், வெவ்வேறு வயதினர், ஒன்றாகப் பயின்றனர். மழலையர் முதல் தொடக்கப்பள்ளியின் மேல்வகுப்பு வயதினர் வரை அக்குழுவில் இருந்தனர். இலங்கையைச் சேர்ந்த ஆசிரியை லேனா விக்ரமரத்ன இப்பணியில் உதவினார்.

மலையின் செடிகொடிகளும் உயிரினங்களும் அங்கு பாடப்பொருள்கள் ஆயின. தாவரங்களையும் விலங்குகளையும் வகைப்படுத்தும் அட்டைகள், புவியியல் விளக்கப் படங்கள், உயிரினங்களின் வரலாற்றைக் காட்டும் காலக்கோடு முதலியவை தாயும் மகனும் இணைந்து உருவாக்கியவையாகும். இவை அனைத்தையும் இணைக்கும் பாடத்திட்டம் அண்டக் கல்வி எனப்பட்டது. இக்கருத்தை மாண்ட்டிசோரி 1930களிலேயே முன்வைத்திருந்தாலும், அது விரிவாக வளர்ந்தது இந்தியாவில்தான்.

கலப்பு வயது வகுப்பின் அமைப்பு

தொடக்கப்பள்ளிக்கான மாண்ட்டிசோரி வகுப்புகள் பொதுவாக ஆறு முதல் ஒன்பது வயது, ஒன்பது முதல் பன்னிரண்டு வயது என இரு குழுக்களாக அமைகின்றன. சில பள்ளிகளில் ஆறு முதல் பன்னிரண்டு வரையுள்ள அனைவரும் ஒரே குழுவாக இருப்பதும் உண்டு. மூன்றாண்டுக் குழுவில் ஒவ்வோர் ஆண்டும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே புதியவர்கள். எஞ்சியோர் வகுப்பின் பழக்கங்களை அறிந்தவர்கள் என்பதால் ஆசிரியர் ஆண்டுதோறும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

அண்டத்தின் தோற்றம், உயிர்களின் தோற்றம், மனிதரின் வருகை, எழுத்தின் வரலாறு, எண்களின் வரலாறு என்னும் ஐந்து பெருங்கதைகள் ஆண்டுதோறும் கூறப்படுகின்றன. ஆறு வயதுச் சிறுவன் கதையாகக் கேட்பதை, மூன்றாம் முறை கேட்கும் மாணவன் ஆய்வுக்குரிய வினாவாக எடுத்துக்கொள்கிறான். ஒரே கதை பல வயதினருக்கும் பயன்படுவது இவ்வாறே. இதற்கு மாறாக, கணிதம், மொழி போன்ற பாடங்கள் சிறு குழுக்களுக்கே கற்பிக்கப்படுகின்றன. அக்குழுவில் யார் சேர வேண்டும் என்பதை வயது முடிவு செய்வதில்லை; அப்பாடத்துக்கு ஒருவர் ஆயத்தமாக இருக்கிறாரா என்பதே முடிவு செய்கிறது. பாடம் முடிந்தபின் நீண்ட, இடையூறற்ற வேலை நேரம் அளிக்கப்படுகிறது. மாணவர்கள் தாம் செய்தவற்றைக் குறிப்பேட்டில் எழுதி, ஆசிரியருடன் சேர்ந்து சரிபார்க்கின்றனர்.

குழுவின் மூத்தவர்களுக்குத் தம்மினும் மூத்தவர் வகுப்பில் இல்லை. இக்குறையை ஈடுசெய்ய இரு வழிகள் கூறப்பட்டன. ஒன்று, வகுப்பறைகளுக்கு இடையே இடுப்பளவுத் தடுப்புகளை மட்டும் வைத்து, மாணவர்கள் அடுத்த குழுவுக்குச் சென்று பார்க்க இடமளிப்பது. மற்றொன்று, நூலகம், அருங்காட்சியகம் போன்ற இடங்களுக்கு மாணவர்கள் தாமே திட்டமிட்டு வெளியே செல்வது.

இம்முறை சட்டாம்பிள்ளை முறையிலிருந்து வேறுபட்டது. 1789 முதல் சென்னை எழும்பூர் அனாதைச் சிறுவர் இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல், மூத்த மாணவர்களை நியமித்து இளையவர்களுக்குப் பாடம் சொல்லச் செய்தார். ஆசிரியர் பற்றாக்குறைக்கு அது தீர்வாக அமைந்தது. மாண்ட்டிசோரி வகுப்பில் யாரும் அவ்வாறு நியமிக்கப்படுவதில்லை. உதவி கேட்பதும் உதவுவதும் மாணவரின் விருப்பமே.

விமரிசனங்கள்

அமெரிக்கக் கல்வியாளர் வில்லியம் கில்பாட்ரிக் 1914 இல் எழுதிய நூலில், மாண்ட்டிசோரியின் கருவிகள் வரம்புக்கு உட்பட்டவை என்றும், கற்பனைக்கும் கூட்டுச் செயல்பாட்டுக்கும் போதிய இடம் தருவதில்லை என்றும் விமரிசித்தார். கலப்பு வயது வகுப்பைப் பொறுத்தவரை ஆசிரியரின் சுமையே முதன்மைச் சிக்கலாகும். அவர் பல ஆண்டுகளின் பாடங்களை ஒருசேர அறிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு மாணவரின் நிலையையும் தனித்தனியே பதிவு செய்ய வேண்டும். வகுப்புவாரியான தேர்வுகள் கட்டாயமாக உள்ள இடங்களில், மேல்வகுப்புகளில் இம்முறையைத் தொடர்வது மேலும் கடினமாகிறது.

ஆசிரியர் குறைவால் பல வகுப்பினர் ஒரே அறையில் அமரும் ஓராசிரியர் பள்ளியும் இதுவும் ஒன்றல்ல. அங்கு ஒரு வகுப்புக்குப் பாடம் நடக்கையில் மற்றவர்கள் காத்திருக்க நேர்கிறது. தாமே கற்பதற்கேற்ற கருவிகளும் பயிற்சி பெற்ற ஆசிரியரும் இல்லாவிடில், வயதுகளைக் கலப்பதால் மட்டும் பயன் விளைவதில்லை.

தமிழ்நாட்டுப் பள்ளிகளில்

2003 ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் முறை, ஆந்திரத்தின் ரிஷிவேலி பள்ளியின் அட்டை முறையையும் மாண்ட்டிசோரி கருவிகளையும் பயன்படுத்தியது. 2007 இல் இது தமிழ்நாட்டின் அரசுத் தொடக்கப்பள்ளிகள் அனைத்துக்கும் விரிவாக்கப்பட்டது. ஒன்று முதல் நான்கு வரையான வகுப்பினர் கலந்து அமர்ந்து, ஏணிப்படி அட்டவணையைப் பின்பற்றித் தத்தம் வேகத்தில் கற்றனர். ஆனால் கலந்து அமரும் இவ்வமைப்பு ஐந்தாம் வகுப்புக்கு நீட்டிக்கப்படவில்லை.

இறுதிக் காலம்

1944 இல் மாண்ட்டிசோரி இலங்கையில் பயிற்சி வகுப்பு நடத்தினார். 1946 இல் ஐரோப்பா திரும்பிய இவர், 1947 இல் மீண்டும் இந்தியா வந்தார். இந்தியாவில் இவரிடம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் பயிற்சி பெற்றனர். 1949, 1950, 1951 ஆகிய ஆண்டுகளில் அமைதிக்கான நோபல் பரிசுக்கு இவரது பெயர் பரிந்துரைக்கப்பட்டது. 1952 ஆம் ஆண்டு மே 6 அன்று நெதர்லாந்தின் நூர்த்வைக் நகரில் காலமானார். தாயும் மகனும் 1929 இல் நிறுவிய பன்னாட்டு மாண்ட்டிசோரி சங்கத்தை, மாரியோ 1982 இல் தாம் இறக்கும்வரை வழிநடத்தினார்.

அடையாற்றிலிருந்து வெளியான நூல்கள்

புதிய உலகுக்கான கல்வி (1946)
மனித ஆற்றலை வளர்த்தல் (1948) - ஆறு முதல் பன்னிரண்டு வயதினரின் கல்வி பற்றியது
ஈர்க்கும் மனம் (1949)