கிளட்ச் பெடலுக்கு விடை கொடுத்த கொல்லர் மகன்: யார் இந்த ஹுப் வான் டோர்னே?

காலை நேரத்தில் கிள்ளானிலிருந்து கூட்டரசு நெடுஞ்சாலை வழியாகக் கோலாலம்பூருக்கு வர்றவங்களுக்கு ஜாம் புதுசு இல்லை. நகர்ந்து, நின்று, மறுபடி நகர்ந்துதான் பிரிக்பீல்ட்ஸ் வந்து சேர வேண்டும். இதில் கிளட்சை மிதித்து, கியரை மாற்றிக்கொண்டே வந்தால் எப்படி இருக்கும்? இன்று பெரும்பாலான இளைஞர்கள் அந்தக் கேள்வியையே கேட்பதில்லை. காரணம், அவர்கள் ஓட்டுவது ஆட்டோ கார்.

மைவி போன்ற இன்றைய பல சிறிய கார்களில் உள்ள 'சிவிடி' வகை கியருக்குப் பின்னால் ஒரு டச்சுக்காரரின் நீண்ட உழைப்பு இருக்கிறது.

பட்டறையில் தொடங்கிய வாழ்க்கை

ஹுப் வான் டோர்னே 1900 ஜனவரி 1-ஆம் தேதி நெதர்லாந்தில் பிறந்தார். ஊர் பெயர் அமெரிக்கா! லிம்பர்க் மாநிலத்தில் உள்ள சின்னக் கிராமம் அது. அப்பா இரும்புப் பட்டறை வைத்திருந்த கொல்லர்.

ஐந்தோவன் நகரில் மதுபான ஆலை நடத்திய ஒருவரின் காரை ஹுப் பழுதுபார்த்துக் கொடுத்தார். வேலை பிடித்துப்போக, அவரே முதல் போட உதவினார். 1928-இல் ஆலை வளாகத்திலேயே சிறிய பட்டறை தொடங்கியது. பிறகு தம்பி விம்மும் சேர்ந்துகொண்டார். 1932-இல் லாரிகளுக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் டிரெய்லர்களைச் செய்யத் தொடங்கினார்கள். இன்று சாலையில் லாரிகளில் பார்க்கிற 'டாஃப்' என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

கியரே இல்லாத கியர்

அமெரிக்க நாட்டில் 1940 வாக்கிலேயே ஆட்டோ கியர் கார்கள் விற்பனைக்கு வந்துவிட்டன. ஆனால் அவை பெரிய எஞ்சின் கொண்ட பெரிய கார்கள். சாதாரணக் குடும்பம் வாங்கக்கூடிய குட்டிக் காரை எல்லாரும் சுலபமாக ஓட்ட முடியுமா? ஹுப் இதற்குத்தான் வழி தேடினார்.

விடை 1958-இல் ஆம்ஸ்டர்டாம் கார் கண்காட்சியில் வந்தது. 'டாஃப் 600' என்ற அந்தக் காரின் எஞ்சின் வெறும் 590 சிசி. இரண்டே பெடல்கள்: ஒன்று எண்ணெய் கொடுக்க, இன்னொன்று பிரேக். கியர் மாற்றும் வேலையை 'வேரியோமேட்டிக்' பார்த்துக்கொண்டது.

அது எப்படி வேலை செய்கிறது? சைக்கிளில் பின்னாலுள்ள பல் சக்கரம் பெரிதாக இருந்தால் மிதிப்பது லேசு, சிறிதாக இருந்தால் வேகம் அதிகம், இல்லையா? அதே தத்துவம்தான். இரண்டு கப்பிகளை ஒரு ரப்பர் பெல்ட் இணைக்கும். ஒவ்வொரு கப்பியும் எதிரெதிராக வைத்த இரண்டு கூம்புகள். அவை நெருங்கினால் பெல்ட் மேலே ஏறும்; விலகினால் கீழே இறங்கும். அதனால் படிப்படியாக இல்லாமல், குலுக்கலே இல்லாமல் விகிதம் மாறிக்கொண்டே போகும். டெலிவரிக்கு ஓடும் ஸ்கூட்டர்களிலும் இதே தத்துவம்தான்.

இந்தக் கார் முன்னால் போகிற அதே வேகத்தில் பின்னாலும் போகும். நெதர்லாந்தில் அதை வைத்து ரிவர்ஸ் பந்தயமே நடத்தினார்கள்!

கேலியும் விடாமுயற்சியும்

ஓட்டுவது ரொம்ப சுலபம் என்பதாலேயே கேலியும் வந்தது. வயசானவங்க கார் என்றார்கள். ரப்பர் பெல்ட்டால் பெரிய எஞ்சினின் பலத்தைத் தாங்குவதும் கடினம். டாஃபின் கார் பிரிவு 1970-களில் வோல்வோ கைக்குப் போனது.

ஹுப் ஓயவில்லை. 1972-இல், 72 வயதில், இன்னொரு நிறுவனம் தொடங்கினார். இந்த முறை ரப்பருக்குப் பதில் எஃகு. மெல்லிய எஃகு வளையங்களில் நூற்றுக்கணக்கான எஃகுத் துண்டுகளைக் கோத்த பெல்ட் அது. 1979-இல் அவர் காலமானார். எஃகு பெல்ட் வைத்த கார்கள் சந்தைக்கு வந்தது 1980-களின் பிற்பகுதியில்தான். அதை அவர் பார்க்கவில்லை.

நம்ம ஊருக்கு எப்படி வந்தது?

2011-இல் வந்த புரோட்டோன் சாகா எஃப்எல்எக்ஸ் காரில் பெல்ஜியத்தின் பஞ்ச் நிறுவனத்தின் சிவிடி இருந்தது. அந்த நிறுவனத்தின் வேர் டாஃப்தான். 2021-இல் பெரோடுவா அட்டிவாவும் புதுப்பிக்கப்பட்ட மைவியும் டைஹட்சுவின் சிவிடியோடு வந்தன.

மிச்சமான கவனம் எங்கே போகிறது?

கியர் மாற்றுவது கவனத்தைப் பிடித்துக்கொள்ளும் வேலை. 1998-இல் வெளியான ஓர் இஸ்ரேலிய ஆய்வில், மேனுவல் கார் ஓட்டிய புதிய ஓட்டுநர்கள் சாலைப் பலகைகளைக் கவனிப்பதில் பின்தங்கினார்கள். அனுபவம் உள்ளவர்களிடம் அந்த வித்தியாசம் பெரிதாக இல்லை. லைசென்ஸ் எடுத்த புதிதில் இருப்பவர்களுக்குத்தான் ஆட்டோ கியர் அதிகம் கைகொடுக்கிறது.

ஆனால் ஒரு கையும் ஒரு காலும் ஓய்வானதும், ஜாமில் அந்தக் கை எங்கே போகிறது? பல பேருக்குப் போன்தான். காரை ஓட்டும்போது போனைக் கையில் பிடித்துப் பயன்படுத்துவது மலேசியாவில் குற்றம். அபராதத்தை விடுங்கள். கியர் தானாக மாறும். முன்னால் போகிற மோட்டார் சைக்கிளைத் தானாகப் பார்க்காது. ஹுப் மிச்சப்படுத்திக் கொடுத்த அந்தக் கவனம், சாலைக்குச் சேர வேண்டியது.