பொய் பிடிக்கும் யந்திரமும் அதைச் செய்தவரும்

போலீஸ்காரர் என்றால் லத்தியும் தொப்பியும்தான் நினைவுக்கு வரும். டாக்டர் பட்டம் பெற்ற விஞ்ஞானி ஒருவர் போலீஸ் உடுப்பு அணிந்து இரவில் ரோந்து சுற்றினார் என்றால் யாருக்கும் வியப்பாக இருக்கும். அமெரிக்காவில், கலிபோர்னியா மாகாணத்தில் உள்ள பெர்க்லி நகரில் அப்படி ஒருவர் இருந்தார். அவர் பெயர் ஜான் அகஸ்டஸ் லார்ஸன். உலகெங்கும் பெயர் பெற்ற பொய் பிடிக்கும் யந்திரத்தை உருவாக்கியவர் அவர்தான். அதை எதிர்த்து ஆயுள் முழுவதும் போராடியவரும் அவரேதான்!

லார்ஸன் 1892-ல் கனடாவில் நோவா ஸ்கோஷியாவில் பிறந்தார். பாஸ்டனில் படிக்கும்போது கைரேகைகளைப் பற்றி ஆராய்ந்தார். 1920-ல் கலிபோர்னியா சர்வகலாசாலையில் உடலியலில் டாக்டர் பட்டம் பெற்றார். அப்போது பெர்க்லி போலீஸ் தலைவராக இருந்தவர் ஆகஸ்ட் வோல்மர். படித்தவர்கள் போலீஸில் சேர வேண்டும், கைதிகளை அடித்து உதைத்து வாக்குமூலம் வாங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பது அவருடைய கொள்கை. லார்ஸனை அவர் ஆவலோடு சேர்த்துக்கொண்டார்.

மார்ஸ்டன் என்ற உளவியல் அறிஞர், பொய் சொல்லும்போது ரத்த அழுத்தம் உயர்கிறது என்று எழுதியிருந்தார். அதைப் படித்த லார்ஸன் ஒரு படி மேலே போனார். கையில் பட்டை கட்டி ரத்த அழுத்தத்தையும், மார்பில் ரப்பர் குழாய் சுற்றி மூச்சையும், கேள்வி கேட்கும் நேரம் முழுவதும் தொடர்ந்து பதிவு செய்ய 1921-ல் ஒரு கருவி அமைத்தார். புகைக்கரி படிந்த காகிதம் உருளையில் சுற்றிக்கொண்டிருக்கும். ஊசிகள் அதில் கோடுகளைக் கிழித்துக்கொண்டே போகும்.

அந்த ஆண்டே கருவிக்கு ஒரு சோதனை வந்தது. பெர்க்லியில் மாணவிகள் விடுதி ஒன்றில் பணமும் ஒரு வைர மோதிரமும் களவு போயின. லார்ஸன் மாணவிகளை ஒவ்வொருவராக உட்கார வைத்து, எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டார். ஒரு பெண்ணின் கோடுகள் மட்டும் தாறுமாறாக ஓடின. சில நாட்களில் அவள் குற்றத்தை ஒப்புக்கொண்டாள். பத்திரிகைகள் கொண்டாடின. மோதிரத்தைப் பறிகொடுத்த மாணவியைத்தான் லார்ஸன் பிறகு மணந்துகொண்டார். யந்திரம் தேடித் தந்த மணப்பெண் என்று சொல்லலாம்!

ஆனால் மறு ஆண்டே சோதனை வேறு விதமாக முடிந்தது. 1922-ல் சான் பிரான்ஸிஸ்கோவில், வழிப்பறிக்காரர்கள் தன் மனைவியைச் சுட்டுவிட்டார்கள் என்று ஹென்றி வில்கின்ஸ் என்பவன் கதறினான். போலீஸாருக்கு அவன் மீதே சந்தேகம். லார்ஸனின் யந்திரம் அவனைக் குற்றமற்றவன் என்று காட்டியது. பின்னர், ஆட்களை ஏவி மனைவியைத் தீர்த்துவிட்டான் என்று அவன் மீதே கொலை வழக்குத் தொடர்ந்தார்கள். விஞ்ஞானியின் மனத்தில் முள் தைத்தது. பொய்யனின் நெஞ்சு மட்டும்தானா படபடக்கிறது? பயந்தவனுக்கும், அவமானப்பட்டவனுக்கும், கோபக்காரனுக்கும் படபடக்கிறதே! பழகிய நெஞ்சமோ அசைவதே இல்லை. ஊசி கிழிப்பது ரத்த ஓட்டத்தையும் மூச்சையும், பொய்யை அல்ல.

லார்ஸன் சிகாகோவுக்குப் போனார். மனித மனத்தை முழுவதும் அறிய வேண்டும் என்று மருத்துவம் படித்து மனநோய் வைத்தியரானார். 1932-ல் பொய்யையும் அதைக் கண்டறிவதையும் பற்றிப் பெரிய நூல் ஒன்று வெளியிட்டார். அதற்குள் யந்திரம் அவர் கையை விட்டுப் போய்விட்டது.

கொண்டுபோனவர் லியனார்ட் கீலர். பெர்க்லியில் பள்ளி மாணவனாக இருந்தபோதே லார்ஸனைச் சுற்றிச் சுற்றி வந்த பையன். ஜாலவித்தையில் பிரியம் உள்ளவன். கரிக்காகிதத்தை நீக்கி மை ஊசி வைத்தார். கருவியைப் பெட்டிக்குள் அடக்கினார். 1931-ல் காப்புரிமை பெற்றார். லார்ஸனைப் போல அவருக்கு டாக்டர் பட்டமோ வைத்தியப் பட்டமோ கிடையாது. இருந்தும் நாடு முழுவதும் நிபுணர் என்றால் கீலர்தான்! வங்கிச் சிப்பந்திகளைச் சோதித்தார். 1948-ல் ஹாலிவுட் படம் ஒன்றில் தாமாகவே தோன்றி நடித்தார். சிகாகோவில் பள்ளிக்கூடம் வைத்து மற்றவர்களுக்கும் பயிற்சி தந்தார். சில வாரங்கள் படித்தவர் நிபுணர் ஆகிவிடலாம்!

கீலரின் வாழ்வில் 1937-ல் நடந்த ஒரு சம்பவத்தைப் படித்தால் மனம் நடுங்கும். கொலைக் குற்றத்துக்காக மின்சார நாற்காலியில் சாக வேண்டிய ஜோசப் ராப்பபோர்ட் என்பவன், தான் நிரபராதி என்று சொல்லிக்கொண்டிருந்தான். தண்டனை நிறைவேறுவதற்கு முன் கீலர் சிறைக்குள் போய் அவனைச் சோதித்தார். பொய் சொல்கிறான் என்று யந்திரம் காட்டுவதாக முடிவு சொன்னார். கவர்னர் அதன்மேல் தண்டனையைத் தள்ளி வைக்கவில்லை. அவன் உயிர் போயிற்று. அவன் குற்றவாளியாகவே இருந்திருக்கலாம். ஆனால் சாவு சில மணி நேரத்தில் என்று தெரிந்தவனின் நாடித் துடிப்பில் எதைப் படிப்பது?

நியாயஸ்தலங்கள் இதில் நிதானமாகவே இருந்தன. மார்ஸ்டன் செய்த சோதனையைச் சாட்சியமாக ஏற்க 1923-லேயே வாஷிங்டன் அப்பீல் கோர்ட் மறுத்துவிட்டது. ஆயினும் போலீஸ் ஸ்டேஷனிலும் முதலாளி அறையிலும் பெட்டி நுழைந்துகொண்டே இருந்தது. லார்ஸனுக்கு அதுதான் ஆறாத வேதனை. அடியையும் உதையையும் ஒழிக்கப் பிறந்த கருவி, மனத்தை வதைத்து வாக்குமூலம் பறிக்கும் கருவியாகிவிட்டதே என்று வருந்தினார். அதற்குத் தாம் துணை நின்றதையே சில வேளை நொந்துகொண்டார். முதுமையில், தாம் செய்த பூதத்தோடு நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக மல்லுக்கட்டியதாக எழுதினார்.

கீலர் 1949-ல் நாற்பத்தைந்து வயதில் இறந்தார். லார்ஸன் 1965-ல் காலமானார். தனியார் முதலாளிகளில் பெரும்பாலோர் ஊழியர்களை இந்தச் சோதனைக்கு உட்படுத்தக் கூடாது என்று அமெரிக்கச் சட்டம் 1988-ல் தடுத்தது. ஒருவரது சம்மதம் இல்லாமல் இந்தச் சோதனை நடத்தலாகாது என்று நம் நாட்டுச் சுப்ரீம் கோர்ட் 2010 மே மாதம் தீர்ப்பளித்தது.