தப்பொலிக்குச் செவிகொடுத்தவர்

மக்கள் கவிமணி என மலையகம் போற்றும் சி. வி. வேலுப்பிள்ளையைப் பற்றிப் பேசுவோர் அவரைக் கவிஞர் என்பர், நாவலாசிரியர் என்பர், பாராளுமன்ற உறுப்பினர், தொழிற்சங்கவாதி, பத்திரிகையாசிரியர் என்று அடுக்குவர். அனைத்தும் உண்மையே. ஆனால் அவர் நல்ல செவி வாய்க்கப்பெற்றவர் என்பது அதிகம் பேசப்படுவதில்லை. தோட்டத்தில் ஒலித்த பாட்டும் பறையும் மனிதரை என்ன செய்கின்றன என்பதை ஆயுள் முழுவதும் கூர்ந்து கேட்டவர் அவர். அவருடைய வாழ்க்கையை அந்த வழியாகவே இங்கு பார்க்க விரும்புகிறேன்.

அப்புத்தளையில் கொழும்புக் கோச்சியில் ஏறினால் பட்டிப்பொல, நானுஓயா எல்லாம் கடந்த பிறகு, தலவாக்கலைக்கு முன்னே வட்டகொடை என்னும் சிறிய நிலையம் வரும். அதனை அண்டிய மடக்கொம்பரைத் தோட்டத்தில் 1914 செப்டெம்பர் 14 ஆம் திகதி சி. வி. பிறந்தார். கங்காணிக் குடும்பம். ஆகையால் லயத்துச் சிறுவர்களுக்குக் கிட்டாத படிப்பு அவருக்குக் கிட்டியது. ஹட்டனிலும் பின்னர் கொழும்பு நாலந்தா வித்தியாலயத்திலும் கற்றார். கவிதை எழுதுமளவுக்கு ஆங்கிலம் கைவந்தது. தாகூரின் மீது பெரும் பற்று. சில காலம் ஆசிரியராகவும் இருந்தார். இவ்வளவு படித்த ஒருவர் தோட்டத்தை மறந்து கொழும்பிலேயே தங்கியிருந்தாலும் அக்காலத்தில் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அவரோ மறக்கவில்லை. காதில் தப்பொலி தங்கிவிட்டது.

அந்தத் தப்பொலியைப் பற்றி இன்றைய மாணவியருக்குச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். வட்டமான மரச்சட்டத்தில் தோலை இழுத்துக் கட்டிய பறைதான் தப்பு. ஒரு கையில் நீண்டு மெலிந்த குச்சி, மறு கையில் குட்டையான தடித்த குச்சி. மலையில் பனியும் ஈரமும் அதிகமல்லவா? தோல் தளர்ந்துவிடும். தளர்ந்த தோலில் ஒலி எழும்பாது. ஆதலால் தப்படிப்பவர் எல்லோருக்கும் முன்னே எழுந்து, நெருப்பு மூட்டி, தப்பைக் காய்ச்சி விறைப்பேற்ற வேண்டும். பிறகு இருட்டோடு இருட்டாக லயத்து மக்களை அடித்து எழுப்புவார். கடிகாரம் இல்லாத வீடுகளுக்கு அதுவே மணி. அந்த ஒலி கேட்டதும் அடுப்பு எரியும். கைக்குழந்தை பிள்ளைக்காம்பராவுக்குப் போகும். ஆணும் பெண்ணும் பெரட்டுக்களத்தில் போய் நிற்பர். பிந்தியவருக்கு அரைப்பேர், சில நாள் அதுவும் இல்லை.

இப்படி விடிந்த காலைகளில் தப்பொலி இசையாகக் கேட்டிருக்குமா? கேட்டிருக்காது. மனம் விழிக்கும் முன்பே உடம்பு அதற்குப் பணிந்து எழுந்துவிடும். இரண்டு மூன்று தலைமுறை இப்படியே எழுந்த பிறகு, அந்த ஒலியும் நெஞ்சின் படபடப்பும் ஒன்றாகிவிடும். சி. வி. 1950களில் ஆங்கிலத்தில் வெளியிட்ட நெடுங்கவிதை, தேயிலைத் தோட்டத்தின் காலைப் பொழுதில் இந்த முரசொலியோடுதான் தொடங்குகிறது. விடியலின் அழகைப் பாட வேண்டிய இடத்தில் அவர் முரசின் அதிர்ச்சியை வைத்தார். சுற்றுலாப் பயணிகளுக்கு மலைநாட்டை அழகுகாட்டும் கவிஞராக அவர் இருந்திருந்தால் அது நேர்ந்திராது. சக்தீ பால ஐயா அக்கவிதையைத் 'தேயிலைத் தோட்டத்திலே' என்று தமிழுக்குக் கொண்டுவந்தார். எமது நூலகங்களில் இருந்தால் எடுத்து வாசியுங்கள்.

இங்கே இமாம் கஸ்ஸாலி அவர்களின் நினைவு வருகிறது. இசையைக் கேட்பது கூடுமா கூடாதா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அந்த வாதம் இக்கட்டுரைக்கு வேண்டாம். 1111 ஆம் ஆண்டு மறைந்த அப்பேரறிஞர் தமது இஹ்யா உலூமித்தீன் நூலில், இசை மனிதரிலும் மிருகத்திலும் ஏற்படுத்தும் விளைவைப் பற்றி ஒரு பகுதி எழுதியிருக்கிறார். அதில் ஒரு சம்பவம். பாலைவனத்தில் ஒருவருடைய கூடாரத்திற்கு விருந்தாளியாகச் சென்ற பெரியார் ஒருவர், அங்கே ஓர் அடிமை விலங்கிடப்பட்டிருப்பதையும் ஒட்டகங்கள் செத்துக் கிடப்பதையும் காண்கிறார். விசாரித்தால், அந்த அடிமைக்கு அற்புதமான குரல். பெரும் சுமையேற்றிய ஒட்டகங்களை அவன் பாடியே ஓட்டியிருக்கிறான். மூன்று நாள் தூரத்தை அவை ஒரே இரவில் கடந்துவிட்டன. சுமையை இறக்கியதும் ஒன்றைத் தவிர மற்றவை விழுந்து இறந்தன. பாட்டு கேட்கும் வரை களைப்புத் தெரியவில்லை.

இந்தக் கதையை இசையின் மகிமைக்குச் சான்றாகச் சொல்வார்கள். எனக்கோ அதை வாசித்தபோது அந்த ஒட்டகங்களே கண்முன் நின்றன. இனிய குரலும் ஓர் உயிரை அதன் சக்திக்கு மீறி வேலைவாங்கக் கூடும். இமாம் அவர்கள் மற்றொன்றும் விளக்குகிறார். இசை உள்ளத்தில் இல்லாத எதையும் புதிதாகக் கொண்டுவந்து வைப்பதில்லை. ஏற்கெனவே அங்கே இருப்பதைத்தான் அசைக்கிறது. சி. வி. இஹ்யாவை அறிந்திருந்தாரா என்பது நமக்கு முக்கியமில்லை. அவர் தோட்டத்தில் கண்டதும் இதுவாகவே இருந்தது.

எப்படியென்றால், காலையில் அச்சத்தை அசைத்த அதே தப்பு, மாசி மாதத்து இரவுகளில் வேறொன்றை அசைத்தது. காமன் கூத்து எமது சமய வழக்கில் உள்ள விழா அன்று. ஆயினும் தோட்டத்தை அடுத்து வாழ்கின்ற எமக்கு அது புதியதுமன்று. அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையில் காமன் நடுவார்கள். பௌர்ணமியளவில் மன்மதன் எரிவான், ரதி புலம்புவாள். ரதியாக வேடமிடுபவரும் ஆண்தான். ஒவ்வொரு பாத்திரம் வரும்போதும் தப்பின் அடி மாறும். தூதன் வருகைக்கு ஓர் அடி, எமனுக்கு வேறு, வீரபத்திரனுக்கு வேறு. வீரபத்திரனுடைய அடி ஏற ஏற, ஆடுபவரைப் பலர் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். பகலில் கணக்கப்பிள்ளையின் முன் தலைகுனிந்து நின்றவர், அன்றிரவு எமனாக நின்று அதட்டுவார். கங்காணியும் கூட்டத்தோடு கூட்டமாகப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரே தோல், ஒரே குச்சிகள், பெரும்பாலும் அடிப்பவரும் அவரே. காலையில் பணிய வைத்தது, இரவில் நிமிர வைத்தது. தாளம் வேறு என்பது ஒரு காரணம். யாருடைய கட்டளைக்காக அடிக்கப்படுகிறது என்பது மற்றக் காரணம். எனக்கு இதுவே பெரிதாகப் படுகிறது. காமன் கூத்தைத் துரைமார் பெரிதாகத் தடுத்ததில்லை. இரவெல்லாம் ஆடித் தீர்த்தவர் பிறகு சண்டையில்லாமல் மலைக்குப் போவார் என்று அவர்கள் எண்ணியிருக்கலாம். அப்படி எண்ணியிருந்தால் அதிலும் ஓரளவு உண்மை இருந்தது.

பெண்களின் பாட்டுக்கு சி. வி. கொடுத்த இடம் தனியானது. கொழுந்து மலையிலும் லயத்திலும் பாடப்பட்ட தாலாட்டு, கும்மி, தெம்மாங்கு, ஒப்பாரி ஆகியவற்றை அவர் தேடித் தேடித் திரட்டினார். பள்ளிக்கூடமே காணாத தாய்மாரின் பாடல்கள் அவை. ஊரை விட்டுக் கடல் கடந்து வந்த துயரம், கோப்பிக் காலத்துக் கண்டிச்சீமை, கங்காணியைப் பற்றிய கேலி, கிடைக்காத கூலி எல்லாம் அவற்றில் உண்டு. நேரில் சொன்னால் வேலை போய்விடும் சங்கதியை நிரையில் நின்றபடி பாட்டாகச் சொல்லலாம். பாடியவளுக்கு நெஞ்சுப் பாரம் குறையும். கேட்ட பக்கத்து நிரைக்காரி சிரிப்பாள். கங்காணிக்குப் புரிந்தாலும் பாட்டுத்தானே என்று விடவேண்டியிருக்கும்.

தாலாட்டையும் ஒப்பாரியையும் அடுத்தடுத்துக் கேட்டவர்களுக்கு ஓர் உண்மை தெரியும். இரண்டின் இழுவையும் கிட்டத்தட்ட ஒன்று. தாலாட்டில் இசை பிள்ளையைத் தூங்கச் செய்கிறது. சொற்களோ தாயின் குறைகளைச் சொல்கின்றன. பிள்ளைக்குச் சொல் புரியாது. தாய்க்கு வேறு யாரிடமும் சொல்ல முடியாது. ஆக ஒரே பாட்டு ஒருவரை உறங்க வைத்து மற்றவரை அழ வைக்கிறது. சாவு வீட்டில் அதே இழுவை, இறுகிப்போய் அழாமல் இருப்பவளையும் அழச்செய்யும். அழுத பிறகுதான் அவள் ஒரு வாய்த் தண்ணீர் குடிப்பாள். இப்படிப்பட்ட பாட்டுகளை ஒரு பாராளுமன்ற உறுப்பினர் குறித்துவைத்தார் என்பது சாதாரண விடயமா?

ஆம், அவர் பாராளுமன்ற உறுப்பினருந்தான். அந்தக் கதைக்கு முன்னே மீனாட்சி அம்மாளைச் சொல்லவேண்டும். தொழிலாளரைத் திரட்டிய கோ. நடேசய்யரின் துணைவியார் அவர். 1930களில், தோட்டங்களுக்குள் வெளியார் நுழைவதே குற்றமாக இருந்த காலத்தில், அவர் கூட்டங்களில் பாடினார். பாரதியாரின் பாடல்களையும், தாமே மக்களுக்குப் பழகிய மெட்டுகளில் கட்டிய பாடல்களையும் பாடினார். 1940 இல் அவருடைய பாடல்கள் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற பெயரில் வெளிவந்தன. பிரசங்கத்துக்கு வர அஞ்சியவர்களும் பாட்டுக்கு வந்தார்கள். தெரிந்த மெட்டில் புதிய சொல் ஏறும்போது, அது காதில் நுழைந்து வாயிலும் ஒட்டிக்கொள்கிறது. கேட்டவரே மறுநாள் மலையில் பாடிவிடுகிறார். தனியொருவராக அஞ்சியவர், பத்துப் பேரோடு சேர்ந்து பாடும்போது அஞ்சுவதில்லை. சி. வி. இளைஞராக வளர்ந்தது இந்தப் பாட்டுகள் ஒலித்த காலத்தில். நடேசய்யரைப் பற்றிப் பின்னாளில் அவர் மதிப்போடு எழுதினார்.

1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. தலவாக்கலையில் சி. வி. வென்றார், எமது ஊவாவில் பதுளைத் தொகுதியில் எஸ். எம். சுப்பையா வென்றார். அடுத்த ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. தோட்ட மக்களில் பெரும்பாலானோர் நாடற்றவராயினர். பின்னர் வாக்குரிமையும் போயிற்று. 1952 தேர்தலில் காங்கிரசுக்கு ஓர் ஆசனமும் இல்லை. சி. வி. அதன் பிறகு தொழிற்சங்கப் பணியிலும் எழுத்திலுமே வாழ்ந்தார். 'வீடற்றவன்', 'இனிப் படமாட்டேன்' முதலிய நாவல்களை எழுதினார். தொழிலாளர் தேசிய சங்கத்தின் 'மாவலி' இதழை நடத்தினார். இவற்றைப் பற்றிப் பிறர் நிறைய எழுதியிருக்கிறார்கள்.

1964 ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாகியது. 525,000 பேரை இந்தியா ஏற்பது, 300,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவது என்று தீர்மானித்தார்கள். அதன் பிறகு அப்புத்தளை போன்ற நிலையங்களில் நிகழ்ந்ததை மூத்தவர்கள் இன்றும் சொல்வார்கள். தலைமன்னாருக்குப் போகவேண்டியவர்கள் கோச்சியில் ஏற, நிற்பவர்கள் மேடையில் ஒப்பாரி வைப்பார்கள். செத்தவருக்குப் பாடும் பாட்டை உயிரோடு இருப்பவருக்குப் பாடினார்கள். அதனை ஒப்பாரிக் கோச்சி என்று சொல்வதும் உண்டு.

சி. வி. அவசரப்பட்டதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். பாட்டு அறிந்தவர்கள் கப்பலேறிக்கொண்டிருந்தனர். இருந்தவர்களின் லயங்களிலோ வானொலி வந்துவிட்டது. இலங்கை வானொலியின் சினிமாப் பாட்டு இனிமையானதுதான். அதைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் வானொலியின் முன் மனிதர் கேட்பவராக மட்டுமே இருப்பர். நிரையில் பாடியவள் தன் துன்பத்தைத் தானே கட்டிப் பாடியவள். அந்தப் பழக்கம் ஒருமுறை விட்டுப்போனால் திரும்ப வருவது கடினம்.

திரட்டிய பாடல்கள் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்ற நூலாக 1983 இல் சென்னையில் வெளிவந்தன. அதே ஆண்டு ஜூலையில் பதுளையிலும் பண்டாரவளையிலும் கடைகள் எரிந்தன. மறுவருடம், 1984 நவம்பர் 19 ஆம் திகதி, தமது எழுபதாவது வயதில் சி. வி. காலமானார்.

அச்சேறியவை சொற்கள். எந்த வரியில் குரல் ஏறும், எங்கே மூச்சு விட்டு இழுக்கும், வீரபத்திரனுக்குத் தப்பு எந்த இடத்தில் துரிதமாகும் என்பவை அச்சில் இல்லை. அவற்றை அறிந்த முதியவர்கள் அப்புத்தளையைச் சுற்றிய தோட்டங்களில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். சம்பள நாளில் நகரத்துக் கடைத்தெருவுக்கு வருகிறார்கள். கேட்டால் வெட்கப்பட்டுக்கொண்டே பாடுகிறார்கள்.