வெறுங்காலில் வென்ற சலீம்

ஆர்.எஸ்.புரத்துத் தெருக்களில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் பந்து உதைக்கும் சிறுவர்களைப் பார்த்திருப்பீர்கள். அப்படி வெறுங்காலில் ஆடியே சீமையை வியக்க வைத்தவர் முகமது சலீம்.

இவர் 1904-ல் கல்கத்தாவில் பிறந்தார். அந்நகரின் முகமதன் ஸ்போர்ட்டிங் அணி 1934 முதல் 5 ஆண்டுகள் தொடர்ந்து லீக் பட்டத்தை வென்றது. அதன் வலது ஓர ஆட்டக்காரர் சலீம்.

1936-ல் கப்பலேறி ஸ்காட்லாந்து சென்றார். அங்கிருந்த உறவினர், புகழ்பெற்ற செல்டிக் சங்கத்தின் நிர்வாகி வில்லி மேலியிடம் இவருக்காக வாய்ப்புக் கேட்டார். பூட்ஸ் இல்லாமல் ஆடுவதா? மேலி திகைத்தார். ஆடவிட்டுப் பார்த்தார், சம்மதித்தார்.

காலில் துணிக்கட்டுடன் செல்டிக்கின் இரண்டாம் அணியில் சலீம் இறங்கினார். எதிரிகளின் காலிலோ கனத்த பூட்ஸ்! ஆயினும் ஹாமில்டன் அணியை 5-1, கால்ஸ்டன் அணியை 7-1 என்று செல்டிக் வென்றது. பத்திரிகைகள் சலீமைப் புகழ்ந்தன.

அங்கேயே தங்கியிருந்தால் பணமும் பெயரும் குவிந்திருக்கும். ஆனால் ஊர் நினைவு அவரை வாட்டியது. தாயகம் திரும்பிவிட்டார்.

முதுமையில் சலீம் நோயுற்றார். செல்டிக் சங்கம் தந்தையை மறந்துவிட்டதா என்றறிய மகன் கடிதம் எழுதினார். 100 பவுண்டுக்கு வங்கி டிராப்ட் வந்தது! அதை மகன் பணமாக்கவில்லை, பொக்கிஷமாக வைத்துக்கொண்டார். 1980-ல் சலீம் மறைந்தார்.