புல்லுக்கட்டில் செடி தேடிய மருத்துவர்

மாட்டுக்கு வந்த புல்லுக்கட்டைப் பிரித்து, அதில் என்னென்ன செடி இருக்கிறது என்று எப்போதாவது பார்த்திருக்கிறீர்களா? 250 ஆண்டுகளுக்கு முன் ஜப்பானில் ஒருவர் அதைத்தான் செய்தார். மாலையில் மணம் வீசும் ஹனிசக்கிள் கொடிக்கு 'லோனிசெரா ஜப்பானிகா' என்று அறிவியல் பெயர் சூட்டிய கார்ல் பீட்டர் துன்பெர்க்தான் அவர்.

துன்பெர்க் 1743-ல் தெற்கு ஸ்வீடனில் பிறந்தார். உப்சாலா பல்கலைக்கழகத்தில், தாவரங்களுக்கு இரட்டைப் பெயரிடும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸிடம் படித்தார். ஜப்பான் செடிகளைத் தங்கள் தோட்டங்களில் வளர்க்க ஆசைப்பட்ட ஹாலந்து நாட்டவர்கள் அவரை அங்கே அனுப்ப முன்வந்தார்கள். ஆனால் ஐரோப்பியர்களில் டச்சுக்காரர்களை மட்டுமே ஜப்பான் அன்று அனுமதித்தது. எனவே துன்பெர்க் டச்சு கிழக்கிந்தியக் கம்பெனியில் மருத்துவராகச் சேர்ந்தார். 1772 முதல் மூன்று ஆண்டுகள் தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில் தங்கி டச்சு மொழி பழகினார். அங்கும் செடிகளைச் சேகரித்தார்.

1775 ஆகஸ்டில் நாகசாகி போய்ச் சேர்ந்தார். அங்கே தேஜிமா என்ற சிறிய செயற்கைத் தீவில்தான் டச்சுக்காரர்கள் இருக்க வேண்டும். அனுமதியில்லாமல் கரைக்குப் போக முடியாது. தீவில் வளர்த்த கால்நடைகளுக்குக் கரையிலிருந்து புல்லும் தழையும் வரும். அதைக் கிளறித் தனக்கு வேண்டிய செடிகளைப் பொறுக்கி எடுத்தார். ஜப்பானிய மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஐரோப்பிய மருத்துவம் சொல்லிக்கொடுத்து, அவர்கள் மூலமும் செடிகளைப் பெற்றார். 1776-ல் இன்றைய டோக்கியோவான எடோ நகருக்கு டச்சுக் குழுவோடு போனபோது, ஹகோனே மலைப்பாதையில் பல்லக்கை விட்டு இறங்கி நடந்தே சேகரித்தார்.

ஜாவா, இலங்கை வழியாக 1779-ல் ஊர் திரும்பினார். 1784-ல் வெளியான 'ஃப்ளோரா ஜப்பானிகா' என்ற அவரது நூலில் ஹனிசக்கிள் இடம்பெற்றது. அதே ஆண்டில் உப்சாலாவில் பேராசிரியர் ஆனார். 1828-ல் 84-வது வயதில் காலமானார். நம் தோட்டப் பந்தல்களில் நீலப்பூ பூக்கும் துன்பெர்ஜியா கொடி அவர் பெயரைத் தாங்கியதுதான்.

அவர் பெயரிட்ட ஹனிசக்கிளின் கதை அத்தோடு முடியவில்லை. இரட்டை இரட்டையாக வெள்ளை நிறத்தில் பூத்து, பிறகு மஞ்சளாக மாறும் இந்தக் கொடியை, 1806-ல் அமெரிக்காவின் லாங் ஐலண்டுக்கு அழகுக்காகக் கொண்டுபோனார்கள். பறவைகள் பழத்தைத் தின்று விதையைக் காட்டில் போட்டன. குளிர்காலத்தில் மற்ற மரங்கள் இலை உதிர்த்து நிற்க, இது பசுமையாகவே வளர்ந்தது. இளமரங்களைச் சுற்றி இறுக்கியது. இன்று கிழக்கு அமெரிக்கக் காடுகளில் இது பெரிய களை. நம் ஊர் உண்ணிச்செடியும் பூவுக்காக வந்ததுதான். மேய்ச்சல் நிலத்தை அது எப்படி விழுங்கியது என்பது மலையோர விவசாயிகளான உங்களுக்குத் தெரியும்.

ஹனிசக்கிளை வளர்க்கவே கூடாது என்பதில்லை. குளிர்ச்சியான மலைப்பகுதியில் வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவர்கள் கீழ்க்கண்டவற்றைக் கவனியுங்கள்:

* ஒரு சாண் நீளமுள்ள, அதிகம் முற்றாத தண்டை மழைக்காலத்தில் நட்டால் வேர்விடும். உறுதியான பந்தலில் ஏற்றுங்கள்.

* பூத்து முடிந்ததும் கவாத்து செய்யுங்கள். காய்கள் கறுத்துப் பழுக்கும் முன்பே பறித்து அழித்துவிடுங்கள். குழந்தைகள் தின்னாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

* தரையில் ஓடும் கொடி கணுவில் வேர்விடும். அதை உடனே வெட்டுங்கள். வெட்டியதை ஓடைக்கரையில் வீசாமல், நன்றாகக் காயவைத்து அழியுங்கள்.

* காட்டோரத்திலும் ஓடைக்கரையிலும் நடவே வேண்டாம்.

அடுத்த முறை நர்சரியில் புதுக்கொடி வாங்கும்போது, பூ மணக்குமா என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். அது எந்த நாட்டுச் செடி, விதை எப்படிப் பரவும் என்றும் கேளுங்கள். விரிவாக்கப் பணியாளர்களும் உங்கள் கிராமக் கூட்டங்களில் இதைச் சொல்லுங்கள்.