பந்தயக் கார் செய்த மில் குடும்பத்துப் பிள்ளை

கபிஸ்தலம் கோயிலுக்குப் போயிருக்கிறீர்களா? கும்பகோணத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. முதலையின் வாயில் அகப்பட்டு அலறிய யானையைப் பெருமாள் காத்தருளிய தலம் அது. கரி என்றால் யானை. கரிக்கு வரம் தந்த பெருமாள், கரிவரதர்.

அந்தப் பெருமாளின் பெயரைத் தாங்கிய ஒருவர் கோயமுத்தூரில் இருந்தார். யானை நடை மட்டும் அவருக்கு ஒத்துவரவில்லை. காற்றாய்ப் பறந்தார். பிறரையும் பறக்க வைத்தார். இந்தியாவில் மோட்டார் பந்தயம் என்று பேச்செடுத்தால் அவர் பெயரைச் சொல்லாமல் முடிக்க முடியாது. நண்பர்களுக்கு அவர் வெறும் ‘கரி’.

கரிவரதன் 1954-ம் ஆண்டு பிறந்தார். குடும்பம் சாதாரணக் குடும்பமல்ல. 1910-ல் குப்புசாமி நாயுடு தொடங்கிய லட்சுமி மில்லின் குடும்பம். கோவையில் அந்தப் பெயரைச் சொன்னால் பஸ் நிற்கும் இடமே உண்டு. பஞ்சும் நூலும் பணமும் புழங்கிய வீடு. மில் கணக்கைப் பார்த்துக்கொண்டு சௌகரியமாக வாழ்ந்திருக்கலாம்.

ஆனால் பிள்ளையின் மனம் போனது என்ஜின் பக்கம்.

ஓடுவதற்கு இடம் எங்கே?

மோட்டார் பந்தயத்துக்கு வண்டி வேண்டும், ஓட்டுகிறவர் வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். இவை இரண்டும் கிடைத்த பிறகும் கிடைக்காத ஒன்று உண்டு. அதுதான் இடம்.

குடவாசலிலிருந்து கும்பகோணத்துக்குப் பஸ்ஸில் போகிறவர்களுக்கு இது நன்றாகப் புரியும். சாலை ஆற்றைக் கண்டால் வளையும், வாய்க்காலைக் கண்டால் ஒதுங்கும். இரண்டு பக்கமும் வயல். அந்தச் சாலையில் மோட்டார் சைக்கிளை முறுக்கிப் பந்தயம் விட்டால், நடவு நடுகிற பெண்களுக்கு நடுவில் போய் விழ வேண்டியதுதான். ஊர் ரோட்டில் பந்தயம் கூடாது என்பது இதனால்தான்.

இங்கிலாந்துக்காரர்களுக்கும் இதே தொல்லை இருந்தது. பொதுச் சாலையில் பந்தயம் விட அந்த நாட்டுச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. அருகில் உள்ள மேன் தீவுக்குத் தனிச் சட்டசபை உண்டு. அது அனுமதி கொடுத்தது. 1907-ம் ஆண்டு மே 28-ந் தேதி அங்கே மோட்டார் சைக்கிள் பந்தயம் நடந்தது. 25 பேர் புறப்பட்டார்கள். பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற டி.டி. பந்தயம் அதுதான். அதே ஆண்டில் லாக் கிங் என்ற செல்வந்தர், புரூக்லண்ட்ஸ் என்ற இடத்தில் தன் சொந்த நிலத்தில் சிமெண்டுக் கான்கிரீட்டால் ஒரு வட்டப் பாதையே போட்டுவிட்டார்.

இரண்டாவது உலக யுத்தம் முடிந்ததும் வேறொரு வழி பிறந்தது. யுத்தத்துக்காகப் போட்ட விமானத் தளங்கள் பல வேலையின்றிக் கிடந்தன. நீளமான ஓடுபாதை. சுற்றிலும் வெட்டவெளி. மரமில்லை, வீடில்லை. பந்தயக்காரர்களுக்கு வேறென்ன வேண்டும்? இங்கிலாந்தில் சில்வர்ஸ்டோன் இப்படித்தான் 1948-ல் பந்தய மைதானம் ஆயிற்று. கல்கத்தாவில் பாரக்பூர், இலங்கையில் கட்டுக்குருந்த எல்லாம் விமானத் தளங்களே.

நமக்குக் கிடைத்தது சோழவரம்.

வைக்கோல் கட்டும் பீப்பாயும்

சென்னைக்கு வடக்கே, செங்குன்றத்தைத் தாண்டினால் சோழவரம். யுத்த காலத்து ஓடுபாதை ஒன்று அங்கே இருந்தது. 1953-ல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் பல ஆண்டுகள் பந்தயம் நடத்தியது. மோட்டார் சைக்கிளும் ஓடியது, காரும் ஓடியது. ஆயிரக்கணக்கில் ஜனங்கள் போய்ப் பார்த்தார்கள்.

இப்படிப்பட்ட ஓர் இடத்தைப் பந்தய மைதானமாக மாற்றுவது பெரிய வேலை. ஓடுபாதை நேராக இருக்கும். நேராக ஓடுவதில் என்ன சாமர்த்தியம்? வளைவில்தான் ஆளின் திறமை தெரியும். திருவாரூர்த் தேரைப் பாருங்கள். நேர் வீதியில் வடம் பிடித்தால் வந்துவிடும். மூலையில் திருப்பும்போதுதான் முட்டுக்கட்டை போடுகிறவனின் அருமை தெரியும். பந்தயமும் அதே கணக்குத்தான். ஆகவே ஓடுபாதையில் பீப்பாய்களையும் பழைய டயர்களையும் வைக்கோல் கட்டுகளையும் அடுக்கி வளைவுகளை உண்டாக்குவார்கள். வேகமாய் வந்து தடுமாறுகிறவனை வைக்கோல் தாங்கிக்கொள்ளும். நமது மாட்டுக்குப் போடுகிற அதே வைக்கோல், அங்கே மனித உயிரைக் காக்கும்.

காருக்கு ஏற்ற இடமெல்லாம் மோட்டார் சைக்கிளுக்கு ஏற்றதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். கார் ஓடும் பாதையின் ஓரத்தில் இரும்புத் தடுப்பு வைத்தால் கார் அதில் மோதி நின்றுவிடும். ஓட்டுகிறவர் இறங்கி நடந்து வருவார். மோட்டார் சைக்கிள்காரர் விழுந்து வழுக்கிக்கொண்டு போகிறவர். அவருக்கு அந்த இரும்பே எமன். வளைவுக்கு வெளியே தட்டுத்தடங்கல் இல்லாத திடல் இருந்தால்தான் அவர் பிழைப்பார். விமானத் தளத்தை மோட்டார் சைக்கிள்காரர்கள் விரும்பியதற்கு இது முக்கியமான காரணம்.

காலமும் பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் சென்னைப் பக்கம் மழை கொட்டும். அதனால் பொங்கலை ஒட்டியும் அதற்குப் பின்னும் பெரிய பந்தயங்களை வைத்துக்கொள்வார்கள். வண்டிகளை என்ஜின் அளவுப்படி வகுப்பு வகுப்பாகப் பிரிக்க வேண்டும். புறப்படும் முன் ஒவ்வொரு வண்டியின் பிரேக்கையும் சோதிக்க வேண்டும். மூலைக்கு மூலை கொடியுடன் ஆள் நிறுத்த வேண்டும். மஞ்சள் கொடி என்றால் ஆபத்து. சிவப்பு என்றால் நில். கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்டது என்றால் பந்தயம் முடிந்தது. டாக்டரும் ஆம்புலன்ஸ் வண்டியும் இல்லாமல் எதையும் தொடங்கக் கூடாது.

இவ்வளவும் தயாராகி, ஓடுவதற்கு நாலே வண்டி வந்தால்? பந்தய கிளப்புகளின் பெரிய கவலை அதுதான். கரிவரதன் முக்கியமானவர் ஆனது அந்த இடத்தில்தான்.

எதிராளிக்கும் வண்டி

கரிவரதன் சோழவரத்தில் தாமே கார் ஓட்டினார். நல்ல ஓட்டக்காரர் என்று பெயரும் எடுத்தார். ஆனால் அவர் பெயர் நிலைத்தது ஓட்டியதால் அல்ல, செய்ததால்.

அந்த நாளில் வெளிநாட்டுக் காரை இறக்குமதி செய்வது லேசான காரியமல்ல. வரியும் தடையும் அவ்வளவு. சீமையிலிருந்து பந்தயக் காரை வரவழைத்து ஓட்டிய செல்வந்தர்கள் இருந்தார்கள். அவர்கள் எத்தனை பேர்? விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்கள் ஃபியட், அம்பாசடர் என்று வீட்டுக் கார்களைத்தான் முடுக்கிவிட்டு ஓட்டினார்கள்.

கரிவரதன் கோவையில் சூப்பர் ஸ்பீட்ஸ் என்ற பெயரில் பட்டறை வைத்தார். கோவைக்கு அது இயல்பு. பம்பு செட்டும் மோட்டாரும் வார்ப்படமும் செய்து பழகிய ஊர். லேத்து பிடிக்கத் தெரிந்த ஆட்கள் தெருவுக்குத் தெரு உண்டு. அந்தக் கைத்திறனைக் கொண்டு உள்நாட்டுச் சாமான்களால் பந்தயக் கார்கள் கட்டினார். தமக்கு மட்டும் கட்டிக்கொண்டாரா? இல்லை. தம்மோடு போட்டி போடுகிறவர்களுக்கும் கட்டினார். பந்தயத்தில் அணிவகுத்து நின்ற வண்டிகளில் பல அவருடைய பட்டறையில் பிறந்தவை. தம்மைத் தோற்கடிக்கக்கூடியவனுக்குத் தாமே வண்டி கொடுப்பது என்பது எல்லோருக்கும் வரக்கூடிய மனசு அல்ல.

1983-ன் கடைசியில் மாருதி 800 கார் வந்தது. சின்னக் கார். மூன்று சிலிண்டர் என்ஜின். நடுத்தரக் குடும்பங்களை ரோட்டுக்குக் கொண்டு வந்த வண்டி அது. அந்த என்ஜினைக் கரிவரதன் வேறு கண்ணோடு பார்த்தார். விலை குறைவு, உதிரிச் சாமான் எங்கும் கிடைக்கும். அதை வைத்து ஒருவர் மட்டும் உட்கார்ந்து ஓட்டும் பந்தயக் காரை 1988-ல் அவர் உருவாக்கினார். ‘ஃபார்முலா மாருதி’ என்று அதற்குப் பெயர் வந்தது.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. எல்லோருக்கும் ஒரே என்ஜின். ஆகவே பணக்காரன் வேகமான வண்டி வாங்கி ஜெயித்துவிட முடியாது. கையும் கண்ணும் யாருக்கு நன்றாக இருக்கிறதோ அவன் முந்துவான்.

மோட்டார் பந்தயம் பணக்கார வீட்டு விளையாட்டு, பெட்ரோலுக்குப் பிடித்த கேடு என்று சொல்லிவிடலாம். அதில் பொய்யும் இல்லை. ஃபார்முலா மாருதியும் கூலிக்காரன் வாங்கக்கூடிய வண்டியல்ல. ஆனாலும் மதில் சுவரில் ஒரு சின்னக் கதவையாவது திறந்தவர் அவர்தான்.

சொந்த மைதானம்

சோழவரம் கிளப்பின் சொந்த நிலமல்ல. இரவல் இடத்தில் எத்தனை நாள் காலம் தள்ளுவது? ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் கிளப் நிலம் வாங்கிப் பந்தயப் பாதை அமைத்தது. 1990-ல் அது திறக்கப்பட்டது. நீளம் 3.7 கிலோ மீட்டர். மோட்டார் சைக்கிளுக்கும் காருக்கும் நிலையான இடம் கிடைத்தது. கரிவரதனின் ஃபார்முலா மாருதிகள் அங்கே ஓடின. கோவைப் பையன் ஒருவனும் அங்கே ஓட்டினான். அவன் பெயர் நரேன் கார்த்திகேயன்.

கரிவரதனுக்குத் தரையில் ஓடியது மட்டும் போதவில்லை. ஆகாயத்திலும் ஆசை. சிறிய, இலேசான விமானங்களில் பறந்தார். 1995-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அப்படிப்பட்ட விமானம் ஒன்று விழுந்து நொறுங்கியது. கரிவரதன் மாண்டார். அப்போது அவருக்கு வயது 41. எத்தனையோ பந்தயங்களில் வளைவுகளைக் கடந்து பத்திரமாகத் திரும்பியவரை ஆகாயம் விடவில்லை.

பட்டறை இருந்தது, வண்டிகள் இருந்தன, அவரிடம் தொழில் பழகியவர்கள் இருந்தார்கள். பந்தயம் நிற்கவில்லை.

2003-ல் கோவைக்குப் பக்கத்தில் செட்டிபாளையத்தில் புதிய பந்தய மைதானம் திறக்கப்பட்டது. சுமார் 2 கிலோ மீட்டர் நீளம், நெருக்கமான வளைவுகள். கோவைப் பந்தயக்காரர்களுக்கு இனிச் சென்னை வரை வண்டியை ஏற்றிக்கொண்டு போகும் சிரமம் இல்லை. அதற்கு ‘கரி மோட்டார் ஸ்பீட்வே’ என்று பெயர் வைத்தார்கள்.

2005-ம் ஆண்டு மார்ச் 6-ந் தேதி ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்தில் ஃபார்முலா ஒன் பந்தயம் நடந்தது. உலகத்திலேயே பெரிய கார்ப் பந்தயம் அது. இந்தியர் எவரும் அதுவரை அதில் ஓட்டியதில்லை. அன்று ஓட்டினார் ஒருவர். ஃபார்முலா மாருதியில் கை பழகிய நரேன் கார்த்திகேயன்தான் அவர். கரிவரதன் மறைந்து அப்போது பத்தாவது வருஷம் நடந்துகொண்டிருந்தது.